புரோக்கர்கள் அணுக வேண்டாம்

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நாங்க வேற வீடு பாத்துக்கறோம்."

போனில் சாலவாக்கம் தினேஷ்குமார் இழுத்தபோதே சாமுண்டீஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. அவள் வீட்டை வாங்கிக்கொள்வதாக, வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனவன்.

"ஏம்பா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே பேசிக்கினு இருந்தே?"

"மழைக்காலத்துல ஏரித் தண்ணி உள்ள பூந்துடுமாமே. தெருமுனை டீக்கடையில ஒருத்தர் சொன்னாரு."

"யாரு? நெத்தி நெறைய விபூதி, கையில மஞ்சப் பையா?"

"அவரேதாம்மா."

வேதாசலம்!

வீடு பிடித்துப்போய், விலையும் பேசி, அப்புறம் ஓடிப்போன மூன்றாவது ஆள் தினேஷ்குமார். முன்னால் வந்தவரிடம் பத்திரத்தில் வில்லங்கம் என்று வேதாசலம் சொல்லியிருக்கிறான். அதற்கும் முன்னால் வந்தவரிடம் என்ன சொன்னானோ, அவர் போனையே எடுக்கவில்லை.

உத்திரமேரூரில் நிலமோ வீடோ கை மாறினால் நடுவில் வேதாசலம் இருப்பான். அந்தக் கமிஷன்தான் அவனுக்குச் சோறு. ஆனால் மகன் பார்த்திபன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான்.

"அப்பாவும் போய்ட்டாரு. இங்க தனியா இருந்து இன்னா பண்ணப் போற? வித்துட்டு எங்கூட சென்னைக்கு வந்துடும்மா. பெரிய ஃப்ளாட்டா வாங்கிடலாம். நம்ம வீட்ட விக்கறதுக்கு புரோக்கருக்கு எதுக்கு அழணும்?"

கையோடு கேட்டில் போர்டும் மாட்டிவிட்டுப் போனான். 'வீடு விற்பனைக்கு. நேரடி விற்பனை. புரோக்கர்கள் அணுக வேண்டாம்.'

மறுநாளே வேதாசலம் வந்து கேட்டுக்கு வெளியில் நின்றான். "இன்னா அண்ணி, நெசமாவே விக்கப் போறியா?"

"ஆமா. உனக்குக் கமிஷன் அழறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் கொட்டிக் கெடக்கல."

அவன் சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்புக்கு இதுதான் அர்த்தமா?

வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதே அவளுக்குப் பெரும்பாடு. உள்ளறையைத் திறந்தால், பார்த்திபன் அம்மை போட்டு வேப்பிலைக்கு நடுவில் கிடந்தது ஞாபகம் வரும். சமையலறை ஜன்னலைக் காட்டினால் புருஷன் ஜெகா. காஞ்சிபுரம் பட்டுக்கடையில் வேலை முடித்துக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்குவார். கதவைத் தட்டினால் குழந்தை எழுந்துவிடுமென்று அந்த ஜன்னல் பக்கமாக வந்து, "சாமு..." என்று கிசுகிசுப்பார்.

தினேஷ்குமாரின் மனைவி அதே ஜன்னலைக் காட்டி, "இத அடைச்சிட்டு ஃபிரிட்ஜ் வெச்சிடலாங்க" என்றாள்.

"தாராளமா வெச்சிக்கோம்மா" என்று சொல்லிவிட்டுச் சாமுண்டீஸ்வரி குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டாள்.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒருத்தியால் இவ்வளவுதான் முடியும். அதையும் கெடுக்கிறானே பாவி!

செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று தெருமுனைக்கு நடந்தாள். வேதாசலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"நீயெல்லாம் ஒரு மனுசனா? கமிஷன் குடுக்கலன்னு வர்றவன எல்லாம் வெரட்டிக்கினு கீறியே!"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். வேதாசலம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"எங்க வூட்டுல தண்ணி பூந்துதா? அந்தப் பெருமழைக்கு இந்தத் தெருவே எங்க வூட்டுலதான வந்து படுத்துக்கினு இருந்தது? நீயும்தான வந்து கெடந்தே!"

"ஆமா அண்ணி. ஜெகா அண்ணன்தான் வந்து கூப்ட்டுக்கினு போனாரு. நீ உப்புமா கிண்டிப் போட்டே."

"துன்ன வாயாலயே பொய் சொன்னியா?"

"சொன்னேன் அண்ணி. பொய்தான்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று அவள் நினைக்கவில்லை. கோபம் இன்னும் ஏறியது.

"உனக்கு இன்னா வோணும்? கமிஷன்தான? சொல்லு, தூக்கிக் குடுத்துடறேன். இனிமேட்டு வர்றவன வுட்டுடு."

"வாணாம் அண்ணி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த வூடு உனக்கு வாணாமா?"

"பையன் ஆசப்படறான்."

"பையன கேக்கல. உன்ன கேக்கறேன்."

சாமுண்டீஸ்வரி திரும்பித் தன் வீட்டுப் பக்கம் பார்த்தாள். புருஷன் போனதிலிருந்து இந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

வேதாசலம் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"கமிஷன நான் எப்பவோ வாங்கிட்டேன் அண்ணி. ஜெகா அண்ணன் கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனாரே, அதுக்கு முன்னாடி என்னத் தேடி வந்து கையில வெச்சிட்டாரு."

"அவரா? வூட்ட விக்கச் சொல்லியா?"

"இல்ல அண்ணி. 'பையன் கேட்டா போதும், அவ யோசிக்காம கையெழுத்துப் போட்டுடுவா. அவ வாயால எனக்கு இந்த வூடு வாணாம்னு சொல்ற வரைக்கும், எவனுக்கும் விக்க வுடாதடா. அதுக்குத்தான் இந்தக் கமிஷன்'னாரு."