தோட்ட நேரம்

சிரிப்பு நிச்சயம் உண்டு. ஆனால் அது ரோஜா மொட்டு மாதிரி, அவசரப்பட்டுப் பிரித்தால் கெட்டுப்போகும். கொஞ்சம் பொறுங்கள்.

பெரியப்பா போன பிறகு அந்த வீட்டில் இரண்டு சத்தங்கள் நின்றுவிட்டன. ஒன்று, பெரியம்மாவின் தையல் மிஷின். இன்னொன்று, கிளியின் வாய்.

கிளி என்பது பட்டப்பெயர். வயது பதினைந்து. தபால்காரர், பல் டாக்டர், பக்கத்து வீட்டு நாய் என்று எல்லாக் குரலும் அவள் தொண்டையில் குடியிருந்தன. கேட்டுச் சிரிக்கப் பெரியப்பா இல்லாததால் மூன்று மாதமாக எல்லாமே ஊமை.

பனிக்காலம் முடியும் தறுவாயில், வெயில் தூக்கக் கலக்கத்தோடு எட்டிப் பார்த்த ஒரு காலை. பெரியப்பாவின் ரோஜாச் செடிகள் முள்ளும் சுள்ளியுமாக நின்றன. உள்ளே பெரியம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஜன்னல் விளிம்பில் ரேடியோ.

கிளி வெளியே, ஜன்னலுக்கு அடியில், ஈர மண்ணில் குந்தினாள்.

“கர்ர்ர்... வணக்கம் நேயர்களே! தோட்ட நேரம். தளிர் விடுவதற்குள் ரோஜாவின் காய்ந்த கிளைகளை வெட்டிவிடுங்கள். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே, சாய்வாக!”

“என்னடா இது, தானா பேசுது?”

பெரியம்மா குமிழைத் திருகினாள். கிளி குரலைக் குறைத்தாள். திருப்பித் திருகினாள். கிளி கூட்டினாள்.

அரை மணியில் பெரியம்மா தோட்டத்தில் நின்றாள், துணி வெட்டும் கத்திரியோடு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிளி தாவணியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ரேடியோ சொன்னது: “நேயர்களே, துணிக் கத்திரியால் செடி வெட்டுவது மகா பாவம்.”

“இவன் கண்ணு எங்கேர்ந்து பார்க்குது?” என்றாள் பெரியம்மா.

அப்புறம் தினம் ஒரு வேலை. சருகைக் கூட்டு, மண்ணைக் கொத்திவிடு, தட்டில் விதை போடு.

கிளியை அவள் அக்கா கையும் களவுமாகப் பிடித்தாள். “துக்கத்துல இருக்கிறவங்களைக் கோமாளி ஆக்குறியே, வெட்கமா இல்ல உனக்கு?”

“அவங்க கால்ல மண்ணு ஒட்டியிருக்கு, பார்த்தியா? நான் நிறுத்தினா மறுபடி படுத்துடுவாங்கக்கா.”

அக்கா ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள். “நாளைக்கு உரம் பத்திச் சொல்லு,” என்று சொல்லிப் போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் தையல் மிஷின் ஓடும் சத்தம்கூடக் கேட்டது. கிளி தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

பத்தாம் நாள். எதிர்ச் சுவர் தெரியாத மூடுபனி. லேசாக இருமியபடி வந்த கிளி, உட்காரப் போய் நின்றாள்.

ஜன்னலுக்கு அடியில் ஒரு குட்டி மெத்தை. பெரியப்பாவின் கோடு போட்ட சட்டையில் தைத்தது. பக்கத்தில் மூடி வைத்த டம்ளரில் வெந்நீர். அதை ஒட்டி, கழற்றி வெகுநாளாகி வெள்ளை பூத்துப்போன இரண்டு பேட்டரிகள்.

கிளி மெல்ல நிமிர்ந்து ரேடியோவின் முதுகைப் பார்த்தாள். மூடி இல்லை. உள்ளே காலி.

பனிக்குள்ளிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

“கர்ர்ர்... வணக்கம் நேயர்களே! வாயடைத்துப்போன கிளியைப் பேச வைக்க, தினம் ஒரு செடியை வெட்டினால் போதும். ஈர மண்ணில் மட்டும் உட்கார விடாதீர்கள்!”