இருபது நிமிட ஜப்பான்காரர்

"ஒரேயொரு வசனத்துக்காக ஆரும் ஜப்பானிய மொழி படிப்பினமோ, அங்கிள்?"

சாருஜா சிரிக்காமல்தான் கேட்டாள். சுவிட்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில் அவள் தனியாக இருந்த வீட்டின் சமையலறை மேசைதான் அவளுடைய ஜப்பானிய வகுப்பறை. எதிரே ஐம்பது வயதுத் தயாநிதி, தொழிற்சாலை உடுப்பைக்கூட மாற்றாமல், கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அது ஒண்டு காணும், பிள்ளை. 'ஜப்பானிய மொழியைத் தவிர எனக்கு வேறொண்டும் விளங்காது.' இதை எப்பிடிச் சொல்லுறது?"

"ஆரிட்டச் சொல்லப் போறியள்?"

"தமிழாக்களிட்ட."

சாருஜா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். தயாநிதி விளக்க வேண்டியதாயிற்று.

காலையில் சூர்சேக்கு வேலைக்குப் போகும் ரயிலில் இருபது நிமிடம். அதன்பிறகு நாள் முழுக்க இயந்திரச் சத்தம், வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சிச் சத்தம். புத்தகம் வாசிக்க அவருக்கு வாய்த்தது அந்த இருபது நிமிடம்தான். அதிலும் ஒரு தமிழர் ஏறிவிட்டால் போச்சு. "தமிழோ?" என்று தொடங்கி, "ஊரிலை எவடம்?" என்று வளர்ந்து, யாருடைய சகலனை யாருக்குத் தெரியும் என்று கண்டுபிடிப்பதற்குள் சூர்சே வந்துவிடும். நான்கு மாதமாக ஒரு நாவலின் பதினேழாம் பக்கத்தில் நிற்கிறார்.

"தமிழ் தெரியாதெண்டு டொச்சு மொழியில சொல்லலாமே?"

"சொல்லிப் பாத்தனான். டொச்சிலயே ஊரிலை எவடமெண்டு கேக்கினம்."

"இந்த வசனத்தை நானும் ஒருக்கால் பாவிச்சிருக்கிறன்," என்றாள் சாருஜா. "வீட்டில ஒரு ஆளிட்ட. என்னைப் பரீட்சைக்குப் படிக்க விடாமல் ஓயாமல் கதைச்சுக்கொண்டிருந்தவர்."

"வேலை செய்ததோ?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "எழுதுங்கோ அங்கிள். 'ஷிகா'. 'மட்டும்' எண்டதுக்கு வேற சொல்லும் இருக்கு, ஆனா உங்களுக்கு அது சரிவராது. 'ஷிகா' போட்டால் வினை கட்டாயம் எதிர்மறையில முடியோணும். அப்பத்தான் 'இதைத் தவிர ஒண்டுமே இல்லை' எண்ட அந்தரிப்பு வரும்."

மூன்று வாரம் தயாநிதி அந்த அந்தரிப்பைப் பயின்றார். தேத்தண்ணியைத் தவிர வேறெதையும் குடிப்பதில்லை என்று இயந்திரத்திடம் சொன்னார். ஒரு மச்சானைத் தவிர வேறு மச்சான் இல்லை என்று குளியலறைக் கண்ணாடியிடம் சொன்னார். மனைவி புனிதவதி கதவுக்கு வெளியே நின்று, "டொக்டரிட்ட நேரம் எடுக்கட்டோ?" என்று கேட்டாள்.

நான்காம் வாரம், திங்கட்கிழமை. நாவலுக்கு ஜப்பானியப் பத்திரிகைத் தாளால் உறை போட்டுக்கொண்டு ரயிலில் அமர்ந்தார். எதிர் இருக்கையில் கம்பளித் தொப்பியும் நெற்றி நிறையத் திருநீறுமாக ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி தமிழோ?"

தயாநிதி இடுப்புவரை குனிந்து வணங்கினார். "நிஹோங்கோ ஷிகா வகாரிமசென்."

பெரியவர் அவருடைய மீசையைப் பார்த்தார். மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் நூலைப் பார்த்தார். "ஓகோ," என்றார். அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

அந்த மௌனத்துக்கு ஒரு ருசி இருந்தது. வெள்ளிக்கிழமை வருவதற்குள் தயாநிதி அறுபத்தோராம் பக்கத்தைத் தொட்டுவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை பெரியவர் கைபேசியைக் காதில் வைத்தார்.

"ஓம், இராசசிங்கம் கதைக்கிறன். இல்லையில்லை, தமிழாக்கள் ஒருத்தரும் பக்கத்தில இல்லை. முன்னால ஒரு ஜப்பான்காரர்தான் இருக்கிறார். பாவம், ஆள் எங்கட மரியதாசின்ர சாயல்."

அன்று முழங்கால் வலி. செவ்வாய் கோயில் நிர்வாகசபைச் சண்டை. புதன் மருமகள் வைத்த புட்டு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல், ஜப்பான்காரராக இருப்பது தயாநிதிக்குப் பெரும்பாடாக இருந்தது. அறுபத்தோராம் பக்கம் அசையவில்லை.

வியாழக்கிழமை பெரியவரின் குரல் தணிந்திருந்தது.

"செத்துப்போன அண்ணையின்ர புத்தகம், நாலு பெட்டி. எல்லாம் பழைய தமிழ் நாவல். இப்ப அச்சிலயே இல்லை. ஆருக்குக் குடுக்கிறது? ரயில் ரயிலாக் கேட்டுப் பாத்திட்டன், வாசிக்கிற தமிழன் ஒருத்தனைக் காணேல்லை. இண்டைக்குப் பழைய பேப்பர் எடுக்கிற நாள். கயிறு போட்டுக் கட்டி ரோட்டோரம் வைச்சாச்சு. பத்து மணிக்கு லொறி வரும்."

ஜன்னலுக்கு வெளியே செம்பாக் ஏரி பனிமூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தது. தயாநிதி புத்தகத்தை மூடினார். வாய் திறந்தால் இருபது நிமிடம் ஆயுளுக்கும் போய்விடும். திறக்காவிட்டால் நாலு பெட்டி போய்விடும். நொட்வில் நிலையத்தில் கதவுகள் திறந்து மூடின.

"அண்ணை!"

ரயில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"லொறியை மறியுங்கோ அண்ணை! நான் வாசிப்பன்! நாலு பெட்டியையும் நானே எடுக்கிறன்!"

இராசசிங்கம் அவசரப்படாமல் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். இருட்டாக இருந்தது.

"இதில சிம்மே இல்லை, தம்பி. பெட்டியும் இல்லை, லொறியும் இல்லை. அந்த வசனத்தை என்ர மகள் சாருஜா ஆறு வருசத்துக்கு முந்தி என்னட்டத்தான் முதன்முதலாச் சொன்னவள். அண்டையோட வீட்டில கதை நிண்டுபோச்சு." அவர் எழுந்து வந்து தயாநிதியின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். "சூர்சேக்கு இன்னும் ஆறு நிமிசம் கிடக்கு. சொல்லும், ஊரிலை எவடம்?"