இடம் மாறாத பெயர்கள்

பிரிக்பீல்ட்ஸ் மாடி அறையில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கணினித் திரைமேல் கோடு கோடாகப் போடுகிறது. ரயில் கடக்கும்போது மேசை லேசாக அதிர்கிறது. கிள்ளான் துறைமுகத் தொழிலாளர்களின் பேச்சுச் சொற்களைத் தொகுக்கும் கன்னையா, மவுஸைப் பிடித்தபடி தயங்குகிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் அதைச் சொன்னவரின் பெயர் குறிப்பாக ஒட்டியிருக்கிறது. போன வாரம் நடுவில் ஒரு வரி சேர்த்ததும் பெயர்களெல்லாம் அடுத்தடுத்த சொற்களுக்குத் தாவிவிட்டன.

"பாதிப் பேரு செத்துட்டாங்கம்மா. மறுபடி யாரைப் போய்க் கேக்கறது?"

"முன்ன பேரை வரி நம்பர்ல கட்டியிருந்தேன் அண்ணே, அது என் தப்பு. இப்போ சொல்லுலயே கட்டிட்டேன். எங்க வேணும்னாலும் தூக்கிப் போட்டுப் பாருங்கலா" என்கிறாள், மென்பொருளை எழுதிய ராஜேஸ்வரி. திரையைப் பார்க்காமல் தேநீரை ஆற்றிக் குடிக்கிறாள். அவள் கண் அவர் முகத்தில்தான் இருக்கிறது.

அவர் ஒரு பத்தியை வெட்டுகிறார். நாற்பது பக்கம் தள்ளி ஒட்டுகிறார். மேலே இரண்டு வரிகளை வேண்டுமென்றே சேர்க்கிறார். பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒட்டிய பத்தியிலுள்ள ஒரு சொல்லின் மேல் அழுத்துகிறார். சின்ன மஞ்சள் கட்டம் விரிகிறது: வேலாயுதம், கிரேன் ஓட்டியவர், ஊர் பண்டமாரான்.

கன்னையா கண்ணாடியைக் கழற்றுகிறார்.

"இருக்காரு" என்கிறார்.