பத்து வருசம்

குற்றவாளிக் கூண்டில் நின்ற செல்வக்குமார் ஒரு தடவைகூட சித்ரகலா பக்கம் திரும்பவில்லை. அவன் கண்ணெல்லாம் பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்த பெண்டாட்டி பிரியங்கா மேலேயே இருந்தது. “சாப்பிட்டியா?” என்று வாயசைத்துக் கேட்டான். அவளும் தலையாட்டினாள். சித்ரகலாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஜெயிலுக்குப் போகிறவனுக்குக் கொஞ்சல் என்ன வேண்டிக் கிடக்கிறது! இந்தக் கூத்தைப் பார்க்கவா பனியன் செக்கிங் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, நெருப்பெரிச்சல் ஊரிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி வருகிறாள்?

பக்கத்தில் இருந்த அம்மாள் கூண்டைக் காட்டி மெல்லக் கேட்டாள். “உங்க ஊட்டுக்காரருங்களா?”

“இல்லீங்க. தெரிஞ்சவருங்க.”

“அப்ப உங்க ஊட்டுக்காரரு வரலீங்களா?”

“அவரு எங்கயும் வர்றதில்லீங்க.”

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு அரை அடி தள்ளி உட்கார்ந்தாள். என்ன நினைத்திருப்பாள் என்று சொல்லவா வேண்டும்? நினைத்துக்கொள்ளட்டும். இந்தப் பிரியங்காவும் தனியாகக் கிடந்து பார்க்க வேண்டும். சித்ரகலா வேண்டிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

செல்வக்குமாரும் சித்ரகலாவின் புருஷன் சென்னிமலையும் ஒரே பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்கள். செல்போனில் ரம்மி ஆடி ஆடி இரண்டு பேருமே கழுத்துவரை கடனில் நின்றார்கள். கடன் கொடுத்தவன் ஒரு வழி சொன்னான். ஒடிசாவிலிருந்து ரயிலில் ஒரு மூட்டை கொண்டுவந்தால் போதும், கடன் தீர்ந்தது.

அவன் முதலில் கேட்டது சென்னிமலையைத்தான். “கஞ்சா மூட்டையத் தொட்டீங்கன்னா நா உங்களோட வாழ மாட்டேன்” என்று ஒரே பிடியாய் நின்று தடுத்தவள் சித்ரகலா. அடுத்துக் கேட்டது செல்வக்குமாரை. அவன் போனான், திரும்பி வருகையில் இருபத்திரண்டு கிலோவோடு ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டான்.

“சூதாட்டக் கடன் என்பதைச் சாக்காக ஏற்க முடியாது” என்றார் நீதிபதி. “பத்து ஆண்டு கடுங்காவல். ஒரு லட்சம் ரூபாய் அபராதம்.”

பிரியங்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போகும்போது செல்வக்குமார் வாசலில் நின்று திரும்பினான். “மனுப் போட்டுப் பாக்க வா புள்ள. பாப்பாவையும் கூட்டீட்டு வா.”

கேட்டது நடந்துவிட்டது. சித்ரகலாவுக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டுமே? எங்கே! பொறாமை முன்னைவிட மோசமாய்ப் பிடுங்கித் தின்றது. விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். வெளியே வரும்போது அவனுக்கு நாற்பத்து மூன்று வயதுதான் ஆகியிருக்கும்.

வராந்தாவில் பிரியங்கா ஓடிவந்து அவள் தோளில் சாய்ந்தாள். “பத்து வருசமுங்க அக்கா! நா எப்புடி இருப்பேன்? உங்க ஊட்டுக்காச்சும் கெட்ட பேரு இல்லீங்க.”

சித்ரகலா அந்தக் கையை விலக்கிவிட்டாள்.

“உன்றவரு பத்து வருசத்துல வந்துருவாரு கண்ணு. கடனுக்குப் பயந்து மருந்தக் குடிச்சுப் போட்டுப் போன எங்க ஊட்டுக்காரரு எப்ப வருவாரு?”