சுப்பராயன் மீது சர்வதேச வழக்கு

"அண்ணே, உங்க ஹாஸ்டல் பையன் ஒருத்தன் கோர்ட்டுக்கு மனு டைப் பண்ணிக்கினு கீறான். தெரியுமா?"

மண்ணூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் கார்முகில் டீக்கடையில் இப்படிக் கேட்டதும், சுப்பராயனுக்கு பஜ்ஜி தொண்டையிலேயே நின்றுவிட்டது. கம்பெனிப் பையன்கள் தங்கும் ஆண்கள் ஹாஸ்டலுக்கு ஓனர், வார்டன், மெஸ் மேனேஜர் எல்லாமே அவர்தான்.

"எந்தக் கோர்ட்டு? ஸ்ரீபெரும்புதூரா?"

"இல்லண்ணே."

"செங்கல்பட்டா?"

"நெதர்லாந்து."

அது செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சுப்பராயன் யோசித்தார்.

"வெளிநாடுண்ணே. சர்வதேச குற்றவியல் நீதிமன்றமாம். அந்த திருநெல்வேலி டிப்ளமோ பையன், தளவாய், அவன்தான். மூணு ஞாயித்துக்கிழமையா வரான். உங்க மெஸ்ல பாத்திரம் கழுவுற காந்திமதியம்மாவும் பக்கத்துல குந்திக்கினு கீது. அது சொல்லச் சொல்ல இவன் இங்கிலீஷ்ல அடிக்கறான். தலைப்பை மட்டும் எட்டிப் பாத்தேன். மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள்."

சுப்பராயனுக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது சாம்பார்தான்.

"அம்மாந்தூரம் கேஸ் போடணும்னா வக்கீல் வைக்கணுமே?"

"வேணாமாம். ஃபீஸும் கிடையாதாம். நாடு, பதவி எதுவும் பாக்க மாட்டாங்க, யார் வேணா எழுதலாம், தபால்ல போட்டாலும் சரி, ஈமெயில்ல அனுப்பினாலும் சரின்னு அவனே சொன்னான்."

"இவ்ளோ சுலபமாவா வெச்சிருக்கானுங்க?" சுப்பராயன் பஜ்ஜியைக் கீழே வைத்தார். "அநியாயமா கீதே."

அன்று சாயங்காலமே தண்ணீர் டேங்கில் ஆள் இறங்கிக் கழுவினான். மறுநாள் இட்லி பூப்போல இருந்தது. நாலாம் நம்பர் ரூமில் ஒரு வருடமாகச் சுற்றாத ஃபேன் சுற்றியது. புதன்கிழமை சிக்கன் குழம்பில் சிக்கன் இருந்தது.

பையன்கள் பயந்துபோனார்கள். ஹாஸ்டலை யாருக்கோ விற்கப் போகிறார் என்று ரூமுக்கு ரூம் பேச்சு ஓடியது.

தளவாய் மட்டும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போய்வந்தான். அதுதான் சுப்பராயனை உலுக்கியது. வியாழக்கிழமை, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவனை கேட்டிலேயே நிறுத்தி, நாற்காலி போட்டு, தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"தம்பி, உங்கிட்ட மறைக்க இன்னா கீது. டேங்கை ரெண்டு வருஷமா கழுவாம வெச்சிருந்தேன், ஒத்துக்கறேன். எட்டு பேரு ரூம்ல பதினாலு பேரைப் போட்டதும் நான்தான். மிச்ச சோத்தை அரைச்சு இட்லி மாவுல கலந்ததும் நான்தான். ஆனா அந்தப் பல்லி அதுவா வுழுந்துது. அதுக்கு நான் பொறுப்பு இல்ல."

தளவாய் டீயைக் கீழே வைத்தான்.

"எந்தப் பல்லி அண்ணாச்சி?"

"மனுவுல எழுதலையா?"

"எந்த மனுவுல?"

சுப்பராயன் விஷயத்தைச் சொன்னார். தளவாய்க்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அடக்கிக்கொண்டான்.

"அந்தக் கோர்ட்டு இட்லியெல்லாம் விசாரிக்காது அண்ணாச்சி. கூட்டங்கூட்டமா ஆளுகளைக் கொன்னவங்க, யுத்தத்துல ஆஸ்பத்திரி மேல குண்டு போட்டவங்க, அந்த மாதிரி ஆளுகளைத்தான் விசாரிக்கும். நான் எழுதுதது காந்திமதி அக்காவுக்காக."

"அந்தம்மாவுக்கு இன்னா?"

"அவங்க அகதி முகாம்ல இருந்து வாறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"முகாம்னு தெரியும். வேற ஒண்ணும் நான் கேட்டதில்ல."

"மூணு வருஷத்துக்கு முன்ன, இலங்கையில கடைசி யுத்தத்துல, அவங்க தம்பி குடும்பம் முழுக்க குண்டு விழுந்து ஒரே பதுங்குகுழியில செத்துப் போயிட்டு. அஞ்சு பேரு. பாத்த ஆளுல உயிரோட இருக்கது அக்கா மட்டும்தான். எந்த நாளு, எந்த இடம், யாரு செஞ்சது, கண்ணால என்ன பாத்தாங்க, அதை மட்டும் சொல்லுதாங்க. நான் இங்கிலீஷ்ல எழுதுதேன்."

சுப்பராயன் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்தார்.

"அனுப்பியாச்சா?"

"எழுதி முடிச்சாச்சு. அனுப்பத்தான் மாட்டேங்காங்க. அந்த நாடு இந்தக் கோர்ட்டுல சேரவே இல்ல, எடுத்துக்கிடுவாங்கன்னு நிச்சயம் இல்லன்னு நான் உள்ளதைச் சொல்லிட்டேன். அதோட மனசு விட்டுட்டாங்க."

சுப்பராயன் எழுந்து மெஸ்ஸின் பின்பக்கம் போனார். காந்திமதி குனிந்து குழம்பு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் பாத்திரக் கணக்கு தவிர அவளிடம் அவர் எதுவும் பேசியதில்லை.

"யம்மா, அந்த லெட்டரை அனுப்பு."

காந்திமதி நிமிர்ந்து பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற தளவாயையும் பார்த்தாள்.

"அனுப்பி என்ன ஐயா. ஒரு கடிதத்துக்கு ஆர் பயப்படப் போகினம்?"

சுப்பராயன் தலையைச் சொறிந்தார். பையன்கள் யாரும் பக்கத்தில் இல்லையே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நான் பயந்தேனேம்மா. அதுல பேரே இல்லாத நானே நாலு நாளா தூங்கல. பேரு கீறவன் இன்னா ஆவான்னு அனுப்பித்தான் பாரேன்."