இரவல் துப்பாக்கி

பக்கத்து வீட்டு எம்மெட்டின் வாசலில் காரை நிறுத்திய ஷெல்பி, கார் கதவைக்கூடச் சாத்தாமல் படியேறினாள்.

"எங்க அப்பாவோட துப்பாக்கியெல்லாம் எனக்கு வேணும். இப்பவே."

எம்மெட் நிதானமாகக் காபியை உறிஞ்சினார். "என்ன அவசரம்?"

"நாளைக்கு மான் வேட்டை ஆரம்பம்."

அமெரிக்காவில், எங்கள் மொன்டானா மாநிலத்தில், இதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் அந்தத் தேதியில் கல்யாணம்கூட வைக்க மாட்டோம். சின்ன வயதிலிருந்து அப்பா வெர்லினோடு வேட்டைக்குப் போகிறவள் ஷெல்பி. அதற்காகவே பில்லிங்ஸ் நகரத்திலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். வந்து பார்த்தால், துப்பாக்கி அலமாரி துடைத்து வைத்த மாதிரி காலி.

எல்லாம் எம்மெட்டின் கைங்கரியம். கன்றுக்குட்டிகளிடம் நரி வருகிறது என்று முதலில் ரைஃபிளை வாங்கிப் போனார். பிறகு பாம்பு என்று கைத்துப்பாக்கி. கடைசியில் தாத்தா காலத்துத் துப்பாக்கியை, சும்மா பார்க்க வேண்டும் என்று.

பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கேட்டால் எங்கள் ஊரில் இல்லை என்று சொல்வதில்லை. வாங்கியதைத் திருப்பித் தராமல் இருப்பதும் இல்லை. எம்மெட் திருப்பித் தரவில்லை. ஊர்க் காபிக் கடையில் அவரை வைத்து ஒரே கேலி. எம்மெட் வருகிறார், துப்பாக்கியை ஒளித்து வை என்பார்கள்.

ஷெல்பிக்கு எரிச்சல் வேறு காரணத்தால். ஒருவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்று தோன்றினால் அவர் வீட்டுத் துப்பாக்கியை நீதிமன்றமே வாங்கி வைக்கலாம் என்று ஒரு சட்டம் பேச்சில் இருந்தது. அதை எதிர்த்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டவர் இதே எம்மெட். ஒருவன் துப்பாக்கியில் இன்னொருவன் கை வைக்கக் கூடாது என்று முழங்கி, கைதட்டலை அள்ளியவர்.

"மேடையில ஒரு பேச்சு, வீட்ல ஒரு பேச்சா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"மேடையில பேசினது அரசாங்கத்தைப் பத்திம்மா. இது பக்கத்து வீட்டு விஷயம். வசந்தம் வரட்டும், தர்றேன்."

"நான் போலீஸுக்கு, ஷெரிப்கிட்டயே போவேன்."

"தாராளமா. இது அவரு சாப்பாட்டு நேரம், ரெண்டு மணிக்கு மேல போ."

ஷெல்பி கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தாள். வெர்லின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். மனைவி இறந்ததிலிருந்து அவர் பேச்சே குறைந்துபோயிருந்தது.

"கிளம்புப்பா, ஷெரிப்பைப் பார்க்கலாம். கன்னுக்குட்டியாம், நரியாம். உன்னை ஏமாளின்னு நினைச்சிட்டாரு அந்த ஆளு."

வெர்லின் கத்தியைக் கீழே வைத்தார்.

"அவன்கிட்ட ஏதும்மா கன்னுக்குட்டி? மாட்டையெல்லாம் போன வருஷமே வித்துட்டான்."

"தெரிஞ்சேவா குடுத்தே?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்கம்மா போனப்புறம், காலைல எந்திரிச்சதும் அந்த அலமாரி முன்னாடி போய் உட்கார்ந்துடுவேன். அப்படியே மத்தியானம் ஆயிடும். ஒருநாள் எம்மெட் ஜன்னல் வழியா பார்த்துட்டான். உள்ள வந்து எதுவும் விசாரிக்கல. நரின்னான்."

ஷெல்பி பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். நேற்று வரை அப்பாவிடம் போனில் வேட்டையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

"கோர்ட்டுலேர்ந்து ஆள் வந்து கேட்டிருந்தா வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டேன். எம்மெட் கேட்டான், குடுத்தேன்."

"ஊரே அவரைத் திருடன் கணக்கா பேசுதேப்பா. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டா என் மானம் போயிடும்னு அவன் தன் மானத்தை விட்டுட்டு உட்கார்ந்திருக்கான்."

வெர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் குரலில் பழைய மிடுக்கு இருந்தது.

"அவன் பையன் செத்த வருஷம், வாத்து சுடணும்னு சொல்லி அவன் துப்பாக்கி அத்தனையும் வாங்கிட்டு வந்தவன் நான்தான். வாத்து சுட எதுக்குடா கைத்துப்பாக்கின்னு அவனும் கேக்கல."