முதுகுக்குப் பின்னால் ஒரு படம்

அந்தப் படத்தைச் சுவரில் போடச் சொன்னார் விசாரணைக் குழுத் தலைவர்.

நான் புரொஜெக்டரின் ஒயரைச் செருகினேன். பதினோரு வருடமாக ஓவிய வரலாற்றுத் துறையில் இதுதான் என் பிழைப்பு. மாணவர்கள் என்னைப் ‘படக்கார அண்ணன்’ என்பார்கள்.

விசாரணை எங்கள் மேடத்தின் மேல். ஒரு மதத்தார் உருவமாக வரையவும் கூடாது, பார்க்கவும் கூடாது என்று போற்றுகிற ஒருவரின் பழைய ஓவியத்தை வகுப்பில் காட்டிவிட்டார். மேடம் ஒப்பந்த ஆசிரியர். குழு ஒரு வரி எழுதினால் போதும், வேலை போய்விடும்.

அவர் ஒன்றும் திருட்டுத்தனமாகக் காட்டவில்லை. அடுத்த படம் இன்னது, பார்க்க விரும்பாதவர்கள் வெளியே போகலாம், வருகைப் பதிவில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் காத்திருந்தார். வருடா வருடம் அப்படித்தான். மூன்று பேர் எழுந்து போனார்கள்.

புகார் எழுதிய பெண் போகவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, படம் சுவரில் இருந்த பன்னிரண்டு நிமிடமும் பார்த்துவிட்டு, மறுநாள் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தாள். அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ஆனால் இப்போது மேசையின் மறுமுனையில் தன் அப்பாவுக்குப் பக்கத்தில், பல நாள் தூங்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நிம்மதியாகக் கோபப்படவும் முடியவில்லை.

மேடமும் அதே மதம்தான். அதனால் ‘வேலியே பயிரை மேய்ந்தது’ என்று புகாரில் ஒரு வரி. புனிதமான உருவத்துக்கு முதுகைக் காட்டி அலட்சியமாக நின்றார் என்று இன்னொரு வரி.

முதுகைக் காட்டியது உண்மைதான். மேடம் சுவர்ப் பக்கம் திரும்பிப் பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை. கழுத்துப் பிடிப்பு போல என்று நினைத்து ஒரு தைலத்தின் பெயர்கூட எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அன்று வகுப்பில் சொன்னதை இங்கேயும் சொல்லச் சொன்னார்கள்.

மேடம் எழுந்தார். சுவருக்கு முதுகைக் காட்டி நின்றபடியே சொன்னார். குதிரைச் சேணத்தின் நிறம், மலையடியில் நிற்பவர்கள் எத்தனை பேர், வரைந்தவன் தன் பெயரை எந்த மூலையில் ஒளித்தான், எவ்வளவு பக்தியோடு வரைந்தான், எல்லாம் பிசகாமல் வந்தது. குழுவிலிருந்த கணிதப் பேராசிரியர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் தலைவர் கேட்டார், இடது ஓரத்தில் பாறைமேல் இருக்கிறதே, அது என்ன பறவை என்று.

“பறவையா சார்?” என்றார் மேடம்.

ஓவியத்தைச் சமீபத்தில் சுத்தம் செய்தபோது அழுக்குக்கு அடியிலிருந்து வெளிப்பட்ட பறவை அது. புதுப் பிரதி தெளிவாக இருக்கிறதே என்று இந்த வருடம் நான்தான் மாற்றி வைத்தேன். மேடத்திடம் சொல்லவில்லை. அவருக்கே தெரியாதா என்ன என்று விட்டுவிட்டேன்.

திரும்பி ஒரு பார்வை பார்த்தால் தீர்ந்தது. சுவர் இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. திரும்புங்கள் மேடம் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் திரும்பவில்லை.

“தெரியாது சார். இந்தப் படத்த நான் பாத்ததே இல்ல. புத்தகத்துல படிச்சதத்தான் சொல்லிக் குடுக்கறேன். பாக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுல வளத்தாங்க, நானும் அத நம்பறேன். அதுக்காகப் பிள்ளைங்களுக்குப் பாடத்த மறைக்க முடியுமா சார்?”

தலைவர் காகிதத்தில் எதையோ எழுத ஆரம்பித்து நிறுத்தினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

புகார் எழுதிய பெண் எழுந்து நின்றாள். அவள் அப்பா கையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை. சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, வகுப்பில் பதில் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

“கௌதாரி மேடம். கண்ண மூடிட்டு இருக்கு.”